புதுப்பிப்பு: புல்தரையில் லாரி பதித்த தடங்கள்

மழையில் ஊறியிருந்த எங்கள் புல்தரையில் கனரக லாரி ஒன்று ஆழமான சக்கரத் தடங்களைப் பதித்துச் சென்றதைப் பற்றி எழுதி, பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்பதே இப்போது என் உறுதியான கருத்து. பாரம் அழுத்திய இடத்தில் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிடைவெளிகள் நசுங்கிவிடுவதால், நீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. வேரும் கீழே செல்ல வழியின்றி மேலோடு நின்றுவிடுகிறது. மேலே எவ்வளவு நல்ல மண்ணைப் போட்டாலும் அடியிலுள்ள இறுக்கம் தளராது.

ஆகவே, மண்ணின் பிசுபிசுப்பு நீங்கி, கையில் பிடித்தால் உதிரும் பதம் வரும்வரை காத்திருந்து, தடத்தின் மேலிருந்த புல்லை வேரோடு பத்தைகளாகப் பெயர்த்து நிழலில் ஈரச்சாக்கின் மேல் வைத்துவிட்டு, அடிமண்ணைச் சுமார் 15 செ.மீ. ஆழத்துக்குக் கடப்பாரையால் நெம்பித் தளர்த்தினோம். சேறாக இருக்கும்போதே கிளறினால் மண் காய்ந்தபின் கட்டிகட்டியாக இறுகிவிடும் என்பதால், இந்தக் காத்திருப்பையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பிறகு அதே வகை மண்ணுடன் மட்கிய உரம் கலந்து நிரப்பி, அது பின்னர் படிந்து இறங்கும் என்பதால் சுற்றுத்தரையைவிடச் சற்றே உயர்த்தி, பத்தைகளைத் திரும்பப் பதித்து நீர்விட்டோம்.

ஆழமில்லாத தடங்களில் புல்லைப் பெயர்க்கவில்லை. சலித்த மண்ணை மெல்லிய அடுக்காகத் தூவி, புல்நுனி அதை மீறி வளர்ந்தபின் அடுத்த அடுக்கைத் தூவி வருகிறோம். அந்தப் பகுதி இன்னும் முழுமையாகச் சமமாகவில்லை.