பாப்-அப் விளக்குகளைக் கழற்றியதில் குறைந்த எடையும் கூடிய வேலையும்

பழைய பந்தயக் கார்களில் பாப்-அப் முகப்பு விளக்குகளை, அதாவது தேவைப்படும்போது மட்டும் பானெட்டிலிருந்து எழும்பும் விளக்குகளை, எடுத்துவிட்டு நிலையான விளக்குகளைப் பொருத்துவது பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை கிலோ குறையும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றில் இந்த வேலையை முழுவதுமாகச் செய்து, வேறு சில கார்களில் நண்பர்கள் செய்தபோது உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில், குறைந்த எடை காரில் எந்த இடத்தில் இருந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

இந்தக் காரில் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி அமைந்திருப்பதால், அச்சுக்கு முன்னால் இருக்கும் கனமான பொருள்கள் குறைவு. அந்தச் சிலவற்றுள் மோட்டார், நெம்புகோல், கீல், விளக்குக் கிண்ணம், உலோக மூடி ஆகியவை கொண்ட விளக்குத் தொகுதிகளும் அடங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து நிகரமாக 8 கிலோ குறைகிறது என்றும், அது அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் இருந்தது என்றும் வைத்துக்கொண்டால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 242 செ.மீ. இடைவெளி கொண்ட இந்தக் காரில் முன் அச்சின் சுமை ஏறத்தாழ 10 கிலோ குறைந்து, பின் அச்சின் சுமை 2 கிலோ கூடுகிறது. வளைவில் திரும்பத் தொடங்கும் நேரத்தில் ஓட்டுநர் உணர்வது இந்த மாற்றத்தைத்தான். ஆனால் நிகரம் என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. கழற்றிய பாகங்களைத் தராசில் வைத்துப் படம் எடுப்பவர்கள், அவற்றுக்குப் பதிலாக மாட்டிய விளக்கு, தாங்கி, கண்ணாடி மூடி ஆகியவற்றை அதே தராசில் வைத்து நான் பார்த்ததில்லை.

கழற்றும் வேலையில் சிக்கல் அதிகமில்லை. வயரிங்கை வெட்டாமல் இணைப்பிகளிலேயே பிரித்து, மோட்டாருக்கான கிளையைத் தனியாக எடுத்து வைத்தோம்; புதிய விளக்குகளுக்குத் தனி ரிலே (மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) கொடுத்தோம். எதிர்பாராத தொல்லை மூடியிலிருந்து வந்தது. பழைய உலோக மூடி தன் கீலோடு சேர்ந்து அந்த இடத்துக்கு ஓரளவு விறைப்பைத் தந்துகொண்டிருந்தது; அதற்குப் பதிலாகப் பகல் பந்தயங்களுக்கென்று வைத்த மெல்லிய ஃபைபர் தகடு, வேகம் கூடியதும் அதிரத் தொடங்கியது. அடிப்புறத்தில் குறுக்கு விலா ஒன்றை ஒட்டிய பிறகே அடங்கியது. அந்த விலாவுக்கும் எடை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையான வேலை ஒளியில் இருக்கிறது. எச்4 வகை ஹாலஜன் பல்பு போடும் வழக்கமான வட்ட விளக்கு, தன் முன்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. அதற்கு முன்னால் பானெட்டின் சரிவுக்கு ஏற்பப் படுத்த நிலையில் ஒரு பாலிகார்பனேட் மூடியை வைத்தால், ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே எதிரொளித்து மேல்நோக்கிச் சிதறுகிறது. மூடுபனியில் அந்தச் சிதறல் ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் ஒரு வெண்திரையாகவே நிற்கும். குழியின் உட்புறத்தை மினுமினுப்பில்லாத கறுப்பில் பூசியதும், விளக்கை இயன்றவரை மூடிக்கு அருகில் நகர்த்தியதும் பெரிதும் உதவின. விளக்கின் உயரமும் குறைகிறது: 1 சதவீதச் சாய்வில் (மீட்டருக்கு 1 செ.மீ. கீழ்நோக்கி) வைத்த தாழ்ஒளி 60 செ.மீ. உயரத்திலிருந்து 60 மீட்டர் வரை எட்டும் என்றால், 48 செ.மீ. உயரத்திலிருந்து 48 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். இரவுச் சுற்றுகள் உள்ள போட்டிக்குத் தயாராகும் எவரும் எடைக் கணக்குக்கு முன்பாக இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது என் கருத்து.

மூடிக்குள் ஈரம் படிவதும் உண்டு. ஹாலஜன் விளக்கின் சூடு அதைத் தானே ஓட்டிவிடுகிறது. முன்பக்கம் அவ்வளவு சூடாகாத எல்இடி விளக்கில் கீழே சிறு காற்றுத் துளைகள் விடாமல் முடியாது.

எழும்பிய விளக்குகள் காற்றைத் தடுப்பதும் உண்மைதான், ஆனால் அது இரவில் மட்டுமே; மூடிய நிலையில் அவை பானெட்டோடு சமமாகப் படிந்துவிடுவதால், பகலில் காற்றுத்தடை குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

எல்லாக் காருக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. டொயோட்டா ஏஇ86 ட்ரூவெனோ வைத்திருந்த நண்பருக்குத் தொழிற்சாலையே வழி காட்டியிருந்தது: அதே காரின் லெவின் வகைக்கு நிலையான விளக்குகள் என்பதால், அதன் முன்பக்கப் பாகங்களை அப்படியே மாற்றிப் பொருத்தினார். 1960-களின் லோட்டஸ் எலானில் விளக்குகளை இயக்குவது மோட்டார் அல்ல, எஞ்சினிலிருந்து எடுக்கும் வெற்றிட அழுத்தம். சட்டகத்தின் முன் குறுக்குப் பகுதியே அதற்குச் சேமிப்புக் கலமாகவும் இருக்கிறது. ஆகவே அங்கே எடைச் சேமிப்பு சிறியது, கசிவு பற்றிய கவலை தீர்வதுதான் பெரிய லாபம். ஃபெராரி எஃப்40-இன் பந்தய வடிவமான எல்எம்-இல் எழும்பும் விளக்குகளை நீக்கி, ஒளிபுகும் மூடிக்குள் நிலையான விளக்குகளை வைத்தார்கள்.

ராலிக் காருக்கு நான் பரிந்துரைப்பது நடுவழி: மோட்டார்களை மட்டும் எடுத்துவிட்டு, விளக்குகளை ஒரு சிறு கம்பியால் எழும்பிய நிலையிலேயே பூட்டிவிடுவது. பழைய உயரமும் பழைய ஒளியும் அப்படியே கிடைக்கின்றன. சேறு படிந்து ஒரு விளக்கு பாதியில் நின்றுவிடும் அச்சமும் இல்லை.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வரலாற்றுக் கார்களுக்கு நடத்தும் போட்டிகளில் ஓட்டும் எண்ணம் இருந்தால், அவற்றுக்கான அப்பெண்டிக்ஸ் கே விதிகளைப் படிக்காமல் எதையும் கழற்ற வேண்டாம். அந்த வகைக் கார் அதன் காலத்திலேயே அப்படிப் போட்டியிட்டது என்பதற்குச் சான்று இல்லாத மாற்றம், போட்டிக்குத் தேவையான காரின் தொழில்நுட்ப ஆவணத்தில் இடம்பெறாது. அதனால்தான் எங்கள் தாங்கிகள் எல்லாவற்றையும் பழைய போல்ட் துளைகளிலேயே அமைத்தோம். உடலில் எங்கும் வெட்டவில்லை, துளையிடவில்லை.

முன்பக்கம் இலேசானதும் ஸ்பிரிங்குகள் சற்று நிமிர்ந்து காரின் முகப்பு உயரும். ஆகையால் முதலில் உயரத்தைச் சரிசெய்து, நான்கு சக்கரங்களின் சுமையை ஓட்டுநரை உட்கார வைத்து அளந்து, அதன் பிறகே விளக்குகளின் குறியைச் சுவரில் வைத்துத் திருத்த வேண்டும்.