கிட் மெர்ஜ் 40 நிமிடம் ஓடுகிறது, அவசரம்

மலைக்கோட்டை (செவ்வாய், காலை 10:42)
எல்லோருக்கும் வணக்கம். கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் டூல்) மெயினில், அதாவது டீமின் பொதுப் பிரதியில், ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து என் பிராஞ்சில் (என் தனிப் பிரதியில்) மெயினை மெர்ஜ் செய்தால், அதாவது சேர்த்தால், முடியவே மாட்டேன் என்கிறது. நேற்று 40 நிமிடம் பார்த்துவிட்டு கன்ட்ரோல் சி அடித்து நிறுத்திவிட்டேன். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இன்று சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலவன்77 (10:50)
"எல்லாம்" என்றால் எதையெல்லாம்? கிட் வெர்ஷன் என்ன? எத்தனை ஃபைல் இடம் மாறியது? விண்டோஸா லினக்ஸா? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கருப்பட்டி (10:53)
விண்டோஸாகத்தான் இருக்கும். ஆன்டிவைரஸைப் பாருங்கள். கிட் ஒவ்வொரு ஃபைலைத் தொடும்போதும் அதுவும் கூடவே திறந்து பார்க்கும். எங்கள் டீமில் ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும்) ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கினோம், அன்றே சரியானது. 99 சதவீதம் இதுதான்.

பழைய_பெஞ்ச் (11:05)
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கிட் பெயர் மாற்றத்தை எங்கும் எழுதி வைப்பதில்லை. பழைய மரத்தையும் (ஃபோல்டர், ஃபைல் அமைப்பு) புதிய மரத்தையும் ஒப்பிட்டு, காணாமல் போன ஃபைலும் புதிதாக முளைத்த ஃபைலும் ஒன்றுபோல இருந்தால் பெயர் மாறியது என்று ஊகிக்கும். இதுகூடத் தெரியாமல் கிட் பயன்படுத்துவது கிளட்ச் எது என்று தெரியாமல் லாரி ஓட்டுவதுபோல. மூவ் ஒரு கமிட் (ஒரு தடவை பதிவு செய்யும் மாற்றம்), எடிட் ஒரு கமிட் என்று பிரித்துப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதைச் செய்யாதவர்கள் அனுபவிக்கத்தான் வேண்டும்.

இட்லிக்கடை (11:09)
காலையிலேயே கிளட்ச்.

செம்பருத்தி (11:20)
மலைக்கோட்டை, வேலவன் கேட்டதோடு இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபோல்டர் மட்டும் மாறியதா, ஃபைலுக்குள்ளேயும் ஏதாவது மாறியதா? உங்கள் பிராஞ்சில் நீங்கள் தொட்ட ஃபைல் எத்தனை? உங்கள் கான்ஃபிக்கில் (கிட் அமைப்புகளில்) ரீநேம், அதாவது பெயர் மாற்றம், சம்பந்தமாக ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா?

மலைக்கோட்டை (மதியம் 12:31)
மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், மன்னிக்கவும். உபுண்டு 20.04. கிட் 2.25.1. ஜாவா. சுமார் 6,000 ஃபைல். ஃபோல்டரோடு பேக்கேஜ் பெயரும் (ஃபைல் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று கோடில் எழுதும் பெயர்) மாறியதால் எல்லா ஃபைலிலும் பேக்கேஜ் வரியும் இம்போர்ட் வரிகளும் மாறியிருக்கின்றன. நான் தொட்டது 14 ஃபைல்தான்.

கருப்பட்டி (12:33)
கம்பெனி லேப்டாப் என்றால் உபுண்டுவிலும் ஸ்கேனர் போட்டிருப்பார்கள். சொல்லிவிட்டேன்.

வேலவன்77 (12:36)
எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று டாப் கமாண்டில் பார்த்தாலே தெரிந்துவிடுமே. கிட் ஒரு கோரை முழுதாகத் தின்றுகொண்டிருந்தால் ஸ்கேனர் மேல் பழி போட முடியாது.

செம்பருத்தி (12:38)
கான்ஃபிக் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

மலைக்கோட்டை (12:55)
ஆமாம் அக்கா, சொல்ல மறந்துவிட்டேன். முதல் தடவை மெர்ஜ் உடனே முடிந்தது. ஆனால் ஃபைல்கள் மிக அதிகம், ரீநேம் தேடலைத் தவிர்த்துவிட்டேன், லிமிட்டை ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டு என்று எச்சரிக்கை காட்டியது. 14 ஃபைலும் "மெயினில் அழிக்கப்பட்டது, உன்னிடம் திருத்தப்பட்டது" என்று கான்ஃபிளிக்ட் (கிட்டால் தானாகச் சேர்க்க முடியாத மோதல்). எங்கோ படித்து மெர்ஜ்.ரீநேம்லிமிட்டை 999999 என்று குளோபல் கான்ஃபிக்கில் போட்டேன். அதற்கு அப்புறம்தான் ஃபேன் சத்தம். டாப்பில் கிட் 100 சதவீதம் காட்டுகிறது.

வேலவன்77 (12:57)
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம் தம்பி.

தறிக்காரன் (1:25)
சரி, இப்போது கதை புரிகிறது. கோயில் வாசலில் செருப்பு விட்டுவிட்டுப் போகிறோம் அல்லவா? டோக்கன் இருந்தால் நேராக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டோக்கன் தொலைந்தால் குவியலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிட்டுக்கு டோக்கன் என்பது ஃபைல் உள்ளடக்கத்தின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி ஒரு எண். ஃபைல் ஒரு எழுத்துகூட மாறாமல் இடம் மட்டும் மாறினால் ஹாஷ் அதேதான். எத்தனை ஆயிரம் ஃபைல் என்றாலும் கண் மூடித் திறப்பதற்குள் ஜோடி சேர்ந்துவிடும். உங்கள் கதையில் ஒவ்வொரு ஃபைலிலும் பேக்கேஜ் வரி மாறியதால் 6,000 டோக்கனும் போச்சு.

அப்புறம் குவியல்தான். அழிந்த 6,000, முளைத்த 6,000, பெருக்கினால் 3.6 கோடி ஜோடி. அளவில் ரொம்ப வித்தியாசம் இருக்கிற ஜோடியைத் திறக்காமலே தள்ளிவிடும். மற்ற ஜோடிகளுக்கு, ஃபைலை வரி வரியாக, நீளமான வரி என்றால் 64 பைட் துண்டாக வெட்டி, எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்குப் போடும். 50 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் பெயர் மாற்றம் என்று ஒத்துக்கொள்ளும். இந்தப் பெருக்கல் கட்டுமீறிப் போகக்கூடாது என்றுதான் லிமிட் வைத்திருக்கிறார்கள். உங்கள் வெர்ஷனில் மெர்ஜுக்கு அது 1,000. நீங்கள் 999999 போட்டு வேலியைப் பிடுங்கிவிட்டீர்கள்.

இட்லிக்கடை (1:29)
50 சதவீதம் பொருந்தினால் அடுத்தவன் செருப்பைக்கூடக் கொடுத்துவிடுமா?

தறிக்காரன் (1:31)
கொடுக்கும். ஒரே மாதிரி லைசென்ஸ் தலைப்பு போட்ட குட்டிக் குட்டி ஃபைல்களில் அது நிறையவே நடக்கும்.

வேலவன்77 (1:40)
மூவ் செய்தவர் விண்டோஸ்காரராக இருந்து லைன் எண்டிங்கும் (வரி முடிவுக் குறி) மாறியிருந்தால்? அப்போது எந்த வரியும் பொருந்தாதே, 50 சதவீதமே வராது.

தறிக்காரன் (1:52)
பாதி சரி. டெக்ஸ்ட் ஃபைலில் பொருத்தம் பார்க்கும்போது வரி முடிவில் இருக்கும் சிஆரை (விண்டோஸ் கூடுதலாகப் போடும் குறி) கிட் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் சதவீதம் விழாது. ஆனால் ஹாஷ் மாறிவிடும். டோக்கன் போய், குவியலுக்கு வந்துவிடும். தப்பான பதில் வராது, தாமதமான பதில் வரும்.

பழைய_பெஞ்ச் (2:10)
நான் சொன்னதும் இதேதானே. மூவையும் எடிட்டையும் தனித்தனி கமிட்டாகப் போட்டிருந்தால் டோக்கன் தொலைந்திருக்காது. அடிப்படை.

தறிக்காரன் (2:18)
லாக் ஃபாலோவுக்கும் (ஒரு ஃபைலின் வரலாற்றைப் பெயர் மாறினாலும் காட்டும்) பிளேமுக்கும் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும்) அது உதவும், மறுக்கவில்லை. மெர்ஜுக்கு உதவாது. மெர்ஜ் பார்ப்பது மூன்றையே: பொது மூதாதைக் கமிட், இந்தப் பிராஞ்சின் நுனி (கடைசிக் கமிட்), அந்தப் பிராஞ்சின் நுனி. நடுவில் நீங்கள் இரண்டாகப் பிரித்தீர்களா இருபதாகப் பிரித்தீர்களா என்று அது திரும்பியும் பார்க்காது. மூதாதையில் பழைய பேக்கேஜ் வரி, நுனியில் புதிய பேக்கேஜ் வரி. கதை அதேதான்.

பழைய_பெஞ்ச் (2:21)
நான் பொதுவான நல்ல பழக்கத்தைச் சொன்னேன்.

நீலகிரி_மழை (2:30)
இதனால்தான் நான் இன்னும் கிட்டைப் போன்ற இன்னொரு டூலான மெர்க்குரியல் பக்கம் நிற்கிறேன். எச்ஜி மூவ் (எச்ஜி அதன் கமாண்ட்) என்று சொன்னால் எங்கிருந்து எங்கே என்று வரலாற்றிலேயே எழுதி வைக்கும். காப்பியையும் எழுதும். 3.6 கோடி ஜோடி பார்க்கிற கூத்து கிடையாது. இரண்டும் 2005 ஏப்ரலில் ஒரே காரணத்துக்காகப் பிறந்தவை. லினக்ஸ் கெர்னல்காரர்களுக்கு பிட்கீப்பர் என்ற இதே வகை டூலை இலவசமாகப் பயன்படுத்தும் வசதி போனதால் வந்தவை. ஒன்று சரியாகச் செய்தது, இன்னொன்று ஜெயித்தது.

வேலவன்77 (2:41)
எழுதி வைத்தால் போதுமா, படிக்க வேண்டாமா? இரண்டு நுனிக்கு நடுவே ஆயிரக்கணக்கில் கமிட் இருந்தால், எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக நடந்து பார்க்க வேண்டும். பெரிய மெர்க்குரியல் ரெப்போவில் ரீபேஸ் (கமிட்களை வேறு இடத்தின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி வைப்பது) செய்தவர்களைக் கேளுங்கள். காப்பி டிரேஸை (ஃபைல் எங்கிருந்து வந்தது என்ற தேடலை) முழுதாகத் தேடாமல் குத்துமதிப்பாகத் தேடு, அல்லது தேடவே தேடாதே என்று சொல்ல அவர்களே ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். மறந்துபோய் சாதாரண மூவ் போட்டவர்களுக்காக ஆட்ரிமூவ் என்ற மெர்க்குரியல் கமாண்டில் சிமிலாரிட்டி என்று ஒரு ஆப்ஷன். அதுவும் கிட் செய்கிற ஊகம்தான்.

நீலகிரி_மழை (2:47)
அது மறந்தவர்களுக்கு. மறக்காதவர்களை கிட் ஏன் தண்டிக்கிறது? பழைய டூலான சப்வெர்ஷன்கூட மூவை காப்பி, டிலீட் என்று பதிவு செய்தது.

வேலவன்77 (2:55)
ஃபைல் பெயர் மாறுவதை எழுதலாம். ஒரு ஃபங்ஷனை மட்டும் பிடுங்கி வேறு ஃபைலில் நட்டால் அதை எங்கே எழுதுவீர்கள்? கிட் பிளேமில் சி போட்டால் அதையும் தேடும். கிட்டை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் ஆரம்பத்திலிருந்தே சொன்னது இதைத்தான், ஃபைலைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார். அப்புறம், ஃபயர்ஃபாக்ஸே 2025-இல் மெர்க்குரியலை விட்டுவிட்டு கிட்டுக்கு வந்துவிட்டது.

நீலகிரி_மழை (2:58)
அவர்கள் ரீநேமுக்காக வரவில்லை. கூட்டம் இருக்கிற கடைக்கு வந்தார்கள்.

கருப்பட்டி (3:02)
டோர்வால்ட்ஸ் வீட்டில் ஆன்டிவைரஸ் இருக்காது.

செம்பருத்தி (3:15)
சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? அவருக்கு சாயங்காலம் கெடு.

மலைக்கோட்டை, மெயினில் அந்த மாற்றம் எத்தனை கமிட்டாக வந்தது என்று பாருங்கள். "மூவ் மட்டும்", "பேக்கேஜ் வரி மாற்றம்" என்று இரண்டாக இருந்தால் வழி இருக்கிறது. மெயினின் நுனியை நேரடியாக மெர்ஜ் செய்யாதீர்கள். முதலில் அந்த மூவ் கமிட்டின் ஐடியைக் கொடுத்து மெர்ஜ் செய்யுங்கள். அங்கே உள்ளடக்கம் மாறவில்லை, 6,000-க்கும் டோக்கன் இருக்கும், உடனே முடியும். பில்ட் ஓடாது, கவலை வேண்டாம். அடுத்து மெயினை மெர்ஜ் செய்யுங்கள். இப்போது மூதாதையே அந்த மூவ் கமிட் ஆகிவிட்டது, தேட ரீநேமே மிச்சம் இருக்காது. பழைய_பெஞ்ச் சொன்ன பழக்கம் இந்த வகையில் மெர்ஜுக்கும் உதவும், ஆனால் நாம்தான் நடுவில் நிறுத்தி மெர்ஜ் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபோல்டரில் நீங்கள் புதிதாக ஃபைல் ஏதாவது சேர்த்திருந்தால், ஃபோல்டரே இடம் மாறியிருக்கிறது, இதையும் அங்கே வைக்கட்டுமா என்று கான்ஃபிளிக்ட் காட்டி நிற்கும். ஃபோல்டர் இடம் மாறியதை ஊகிக்கும் வசதி 2.18 முதல் உண்டு. பயப்படாமல் புதிய இடத்தை ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கமிட்டாக இருந்தால், 14 ஃபைல்தானே, டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) எடுத்து அதில் பாதையை மட்டும் செட் (sed, டெக்ஸ்டைத் தேடி மாற்றும்) கமாண்டில் மாற்றி, மெயினிலிருந்து எடுத்த புதிய பிராஞ்சில் அப்ளை செய்துவிடுங்கள். அசிங்கமான வழிதான், அரை மணி நேரத்தில் முடியும்.

பழைய_பெஞ்ச் (3:22)
நன்றி, யாராவது ஒருவர் புரிந்துகொண்டதற்கு.

தறிக்காரன் (3:40)
செம்பருத்தி சொன்னது இன்றைக்கு. நிரந்தர வழி வெர்ஷனை ஏற்றுவது. 2.31-இல் ஒரு குறுக்குவழி வந்தது: ஃபைல் பெயர் அதேயாக இருந்தால் முதலில் அதோடுதான் ஒப்பிடும். ஜாவாவுக்கு அது வரம், பெயர் மாறாது, ஃபோல்டர்தானே மாறுகிறது. ஆனால் தப்பாகச் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக இந்த வழியில் 75 சதவீதம் பொருந்த வேண்டும். காப்பியையும் தேடச் சொன்னால், அதாவது -சி போட்டால், இந்தக் குறுக்குவழி வேலை செய்யாது. காப்பிக்கு மூலமாக எந்த ஃபைல் வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? கான்ஃபிக்கில் டிஃப்.ரீநேம்ஸை காப்பீஸ் என்று வைத்துவிட்டு டிஃப் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் அதை முதலில் எடுங்கள்.

பெரிய மாற்றம் 2.34-இல். 2021 நவம்பரில் வந்தது. ஆர்ட் (ort) என்ற புதிய மெர்ஜ் முறை அதிலிருந்துதான் இயல்பானது. எலைஜா நியூரன் எழுதியது. நீங்கள் தொட்டது 14 ஃபைல். மற்ற 5,986 எங்கே போனது என்பது உங்கள் மெர்ஜுக்கு எதற்கு? பழைய முறை அத்தனையையும் தேடிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். ஆர்ட் தேவையில்லாததை விட்டுவிடும். ரீபேஸில் ஒரு கமிட்டுக்குக் கண்டுபிடித்ததை அடுத்த கமிட்டுக்கும் நினைவில் வைத்திருக்கும். லினக்ஸ் கெர்னலில் டிரைவர்ஸ் ஃபோல்டரை பைலட்ஸ் என்று மாற்றி, 26,000 ஃபைல் அளவுக்கு இடம் மாற்றி அவர் சோதித்தார். மெர்ஜ் 500 மடங்குக்கு மேல் வேகமானது. லிமிட்டும் அதே வருடம் மெர்ஜுக்கு 7,000, டிஃப்புக்கு 1,000 என்று ஏறியது. உங்கள் 6,000 கான்ஃபிக் எதுவும் போடாமலே அதற்குள் அடங்கிவிடும். அதனால் அந்த 999999-ஐ முதலில் அழியுங்கள்.

வேலவன்77 (3:48)
கமிட் கிராஃபில் (கமிட்களின் துணைப் பதிவு) மாறிய பாதைகளுக்கு ப்ளூம் ஃபில்டர், அதாவது ஒரு கமிட் ஒரு பாதையைத் தொட்டிருக்குமா என்று சட்டென்று சொல்லும் குறிப்பு, எழுதி வைத்தால் இன்னும் வேகம் வருமே?

தறிக்காரன் (3:55)
ஒரு பாதைக்கு லாக் பார்க்கும்போது வரும். மெர்ஜுக்குச் சம்பந்தமில்லை. லாக்கிலும் ஃபாலோ போட்டால் பயனில்லை, பாதையே நடுவில் மாறும் என்பதால் கமிட்டைத் தாண்டிப் போக முடியாது.

மலைக்கோட்டை (மாலை 4:50)
பார்த்தேன். இரண்டு கமிட்தான். செய்து பார்க்கிறேன் அக்கா.

செம்பருத்தி (இரவு 9:14)
என்ன ஆயிற்று?

வேலவன்77 (புதன், காலை 9:30)
ஆள் போயாச்சு.

நீலகிரி_மழை (புதன், 11:02)
இதற்கிடையே, மெர்க்குரியலில் அந்தக் குத்துமதிப்பு முறை என்றைக்குமே இயல்பாக இருந்ததில்லை, தனியாகப் போட்டால்தான் வரும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் வேலவன்.

வேலவன்77 (புதன், 11:10)
சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஏன் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

மலைக்கோட்டை (வெள்ளி, மாலை 6:05)
முடிந்துவிட்டது, 4 விநாடி. எல்லோருக்கும் நன்றி.

செம்பருத்தி (வெள்ளி, 6:11)
நல்லது. இரண்டு படியாக மெர்ஜ் செய்தீர்களா? அடுத்து வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

மலைக்கோட்டை (வெள்ளி, 6:40)
இல்லை அக்கா. செவ்வாய்க்கிழமை கெடுவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதன்கிழமை ஐடி டிபார்ட்மென்டில் லேப்டாப்பை மாற்றிக் கொடுத்தார்கள். அதில் உபுண்டு 24.04, கிட் 2.43. ரெப்போவை க்ளோன் செய்து சாதாரணமாக மெர்ஜ் போட்டேன், போய்விட்டது.

தறிக்காரன் (வெள்ளி, 6:52)
பழைய ஹோம் ஃபோல்டர் வந்ததா? கான்ஃபிக்கில் 999999 இன்னும் இருக்கிறதா?

மலைக்கோட்டை (வெள்ளி, 6:58)
எதையும் கொண்டுவரவில்லை. பெயரும் மெயில் ஐடியும் மட்டும் புதிதாகப் போட்டேன்.

கருப்பட்டி (வெள்ளி, 7:01)
புது லேப்டாப்பில் ஸ்கேனர் இருக்கிறதா?

மலைக்கோட்டை (வெள்ளி, 7:03)
தெரியவில்லை அண்ணா. பஸ் வந்துவிட்டது.