விரால் குஞ்சு பொரித்த கதை

மன்னார்குடிப் பக்கம் சிறியதொரு பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். ஆந்திரத்திலிருந்து வாங்கும் விரால் குஞ்சில் பாதி வழியிலேயே செத்துப்போகிறது என்பதால், சென்ற ஐப்பசியில் நானே பொரிக்க வைத்துப் பார்க்க இறங்கினேன்.

குட்டையில் வளர்ந்த சினை விரால் ஒன்று, ஆண் இரண்டு. மாலையில் துடுப்படியில் ஹார்மோன் ஊசி. 1957-இல் ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டையை முட்டையிட வைத்தார். இப்போது செயற்கை ஹார்மோனே குப்பியில் கிடைக்கிறது. மீன்களைக் குட்டைக்குள் பெட்டிபோலக் கட்டிய ஹாப்பா வலைக்குள் விட்டு, மறைவுக்கு ஆகாயத்தாமரை போட்டேன். மேலேயும் வலை கட்டச் சொல்லியிருந்தார்கள். கயிறு தேடும் சோம்பலில் ஒரு மூலையை விட்டுவிட்டேன். இரவு மழை. விடிந்து பார்த்தால் ஓர் ஆண் வரப்பில் கிடக்கிறது, உயிரோடு! காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீன் என்பதால் தப்பியது. மண்ணைக் கழுவி உள்ளே விட்டேன்.

அன்று இரவே முட்டை. கடுகளவில், தேன் நிறத்தில், நீர்மேல் படலமாக மிதந்தது. வெளுத்துப்போனவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்து நல்லதும் கெடும். மறுநாள் பொரிந்தது. முதல் மூன்று நாள் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே உணவு, பிறகு சாணம் கரைத்த தொட்டியில் வளர்த்த தண்ணீர்ப்பேன் என்ற பொடி நீர்ப்பூச்சி.

மூன்றாவது வாரம் கூட்டம் மெலிந்தது. செத்து மிதந்தது ஒன்றுமில்லை. ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்: ஒரு குஞ்சின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு வாரந்தோறும் சலித்து, பெரியதைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். சோம்பிய வாரமெல்லாம் நட்டம். கடைசியில் நின்றது 800 போல. நாட்டு மீன் பெருகட்டும் என்று அதில் 100 குஞ்சை ஊர்க் குளத்தில் விட்டேன்.

* * *

உங்கள் விரால் கதையைப் படித்தேன். குஞ்சுகளைச் சலிப்பது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஐயா. குளத்தில் விட்டதுதான் உறுத்துகிறது. அந்த நூறும் ஒரே தாயின் பிள்ளைகள். நாளை உடன்பிறந்தவையே இணை சேரும். தாயும் வெளியூர் வித்து என்றால், உங்கள் ஊர் விராலின் தனிக்குணமும் கலங்கிப்போகும். எங்கள் ஊரில் நானும் இப்படித்தான் முன்பு, விராலுக்கு உறவான சிறிய மீன் குரவையின் குஞ்சுகளை விட்டேன், பிறகு ஒரு மீன்வள மாணவர் சொல்லித்தான் உறைத்தது. இப்போது விடுவதென்றால், அதே குளத்தில் பிடித்த பல ஜோடிகளின் குஞ்சுகளைக் கலந்துதான் விடுகிறேன். குரவைக்கு ஊசியும் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பாசி போட்ட சிமெண்டுத் தொட்டியில் ஜோடியை விட்டால் போதும். முட்டைக்கு அது காவல் நிற்கும் வேளையில் விரலை உள்ளே விட்டுவிடாதீர்கள், என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

* * *

தாய் ஆந்திரத்துக் குஞ்சிலிருந்து வளர்ந்ததுதான். இதை நான் யோசிக்கவே இல்லை, தம்பி. ஊர்க் குளத்தில் இன்னும் தூண்டிலில் விரால் விழுகிறதாம். அடுத்த முறை விழுந்தால் உயிரோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.