அம்மம்மா வீட்டு விறாந்தையும் ஒரு போத்தல் ஆசிட்டும்

மானிப்பாயில் அம்மம்மாவின் வீடு. அவவின் தகப்பன் மலாயாவில் ரயில்வே வேலை பார்த்து, பென்சனோடு ஊருக்கு வந்து கட்டியது. விறாந்தையிலும் சாமியறையிலும் 8 அங்குலச் சதுரத்தில் பூப்போட்ட சீமெந்துக் கல். கறுப்புக் கரை, நடுவில் செங்காவியும் சாம்பலும். ஷெல் விழுந்த மூலையில் 11 கல் நொறுங்கிப் போயிருந்தது. 1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது அதில் சீமெந்தைக் கொட்டி மெழுகிவிட்டார்கள். அதன்மேல்தான் இவ்வளவு காலமும் செருப்புக் கழற்றினோம்.

அதைத் திருத்த முதலில் வந்த மேசன், "தம்பி, எல்லாத்தையும் கிளப்பிப்போட்டு ரைல்ஸ் பதிப்பம்" என்றார். மறுத்தேன். சரி, அழுக்கையாவது எடுப்போம் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்தார். நுரைத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் நாலு கல்லில் செங்காவி வெளிறி, மணல் சொரசொரவென்று தெரிகிறது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் அதில் பங்குண்டு. இது சூளையில் சுட்ட கல் இல்லை. அச்சுக்குள் நிறச்சாந்தை ஊற்றி, அதன் முதுகில் சீமெந்தும் மணலும் போட்டு, அழுத்தி எடுத்தது. நிறம் மேலே சில மில்லிமீற்றர்தான். சீமெந்தை ஆசிட் தின்னும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன்.

இரண்டாவதாக வந்தவர் எழுபதைத் தாண்டிய ஐயா. மாற்றுக் கல் எங்கே எடுப்பது என்று நான் யோசிக்க, அவர் சாமியறை அலுமாரியைக் காட்டினார். "அதுக்குக் கீழ ஆர் பாக்கப்போகினம்?"

கிரைண்டரைத் தொடவே விடவில்லை. ஹக்சோ பிளேட்டால் இடுக்கை அறுத்து, மெல்லிய உளியைப் படுக்கவைத்து மெதுவாகத் தட்டினார். பழைய சுண்ணாம்புச் சாந்து காய்ந்த பாண்போல உதிர, கல் முழுசாகக் கையில் வந்தது. 14 எடுத்ததில் ஒன்றுதான் உடைந்தது. ஆனால் அந்தச் சீமெந்து ஒட்டை உடைக்க முழுநாள் போனது, போகும்போது பக்கத்திலிருந்த இரண்டு நல்ல கல்லையும் கொண்டுபோனது. சீமெந்து பிடித்தால் விடாது.

பதிக்கும்போது கல்லின் முதுகை நனைத்தார். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. உள்ளங்கையால் அமர்த்தினாரே தவிர சுத்தியலை எடுக்கவில்லை. நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. அடுத்தநாள் காலை தேத்தண்ணியோடு வந்த அம்மா, "உந்த இதழ் வெளியால பாக்குது" என்றா. ஒரு கல்லைத் திருப்பி வைத்திருந்தோம். சாந்து அப்போதும் ஈரம், தப்பினோம்.

—

இதை வாசித்த ஒருவர் எழுதியது: அண்ணை, நாங்கள் வட்டுக்கோட்டை. மாரி முடிய எங்கள் வீட்டுக் கல் நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை மறைக்க வார்னிஷ் அடித்தோம். அடியிலிருந்து ஏறிய ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை, ஒரே வருடத்தில் கல்லின் மேல்தோல் செதில் செதிலாகக் கழன்றது. இப்போது உப்பைக் காய்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளுகிறோம், பிறகு வெறும் தண்ணீரில் துடைப்பு. அது சரி, ஆசிட் பட்ட நாலு கல்லும் என்ன ஆனது?

—

பொச்சுமட்டையில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நிறம் கொஞ்சம் எழும்பியது, சொரசொரப்புப் போகவில்லை. இப்போது அந்த இடத்தில்தான் அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை நிற்கிறது.