மறு: கிரிப், கிராஸ்ப், கேட்ச் – மூன்றுக்கும் ‘பிடி’ போதுமா?

அன்பர்களே, வணக்கம்.

ரோபோக் கை பற்றித் தமிழில் எழுதும்போது வரும் கிரிப் (grip), கிராஸ்ப் (grasp), கேட்ச் (catch) என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் ‘பிடி’ என்றே போட்டுவிடலாம், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கதைக்குச் சரி. ரோபோக் கைக்குச் செய்முறை எழுதும்போது ஆகாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான குறிப்பில் ‘பிடி போதவில்லை’ என்று எழுதினால், விரலை இடம் மாற்றி வைப்பதா, விரல் நுனியில் ரப்பர் ஒட்டுவதா, இன்னும் சீக்கிரம் மூட வைப்பதா என்று அவர்கள் முழிப்பார்கள். மூன்றும் வேறு வேறு வேலை.

இங்கே பாமாயில் தரும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களைக் கவனியுங்கள். நீளமான அலுமினியக் கம்பு, நுனியில் அரிவாள். கம்பை உள்ளங்கையோடு சேர்த்து எல்லா விரலும் மூடிக்கொள்கின்றன. குலை விழுந்து சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்கும்போதோ பெருவிரலும் மற்ற ஓரிரு விரல்களின் நுனியும் மட்டும்தான். 1956-இல் ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கையின் வேலையை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார். விரல்கள் பொருளைச் சூழும் இந்த அமைப்புக்கு, அதாவது கிராஸ்ப்புக்கு, ‘பற்றுகை’ என்கிறேன். முதல் வகை வன்பற்று, அடுத்தது நுண்பற்று. (நேப்பியர் எழுதியது கிரிப் என்று; ரோபோக்காரர்கள் கிராஸ்ப் என்கிறார்கள். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?) வெறும் ‘பற்று’ மட்டும் வேண்டாம். கடைக்காரருக்கு அது கடன் கணக்கு, சாமியாருக்கு அது விட வேண்டிய சமாச்சாரம்.

மழை பெய்தால் அதே கம்பு, அதே கை, ஆனால் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றினால் நிற்கும். பற்றுகை மாறவில்லை, உராய்வுதான் மாறியது. இதற்குப் புதுச்சொல் எதற்கு? செருப்பு வாங்கும்போதும் டயர் மாற்றும்போதும் ‘பிடிமானம்’ என்கிறோமே, கிரிப் அதுதான். கணக்குக்கும் ஒத்துவருகிறது: அரை கிலோ போத்தலை இரண்டு விரல் இருபுறமும் அழுத்தித் தூக்க, உராய்வுக் குணகம் (கூடக்கூட வழுக்கல் குறையும்) 0.5 என்றால் ஒவ்வொரு விரலும் ஏறத்தாழ 5 நியூட்டன் அழுத்த வேண்டும். ரப்பர் ஒட்டிக் குணகம் 1 ஆனால் அதில் பாதி போதும்.

‘பிடித்தல்’ என்பதைக் கேட்சுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்: பொருள் நகர்ந்து வரவேண்டும், கை போய் மறிக்கவேண்டும். ‘ஏந்தல்’ அழகான சொல்தான். ஆனால் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டிய கோப்பை சும்மா இருந்து ஏந்தும். பந்தை நோக்கிப் பாயும் கைக்கு அது சேராது.

கிரிப்பர், அதாவது ரோபோக் கையின் நுனியில் பொருளை எடுக்கும் கருவி, ‘கவ்வி’யாகவே இருக்கட்டும். ‘பற்றி’ வேண்டும் என்ற நண்பர், ‘பற்றியைப் பற்றி’ என்று ஒரு பாடத் தலைப்பு எழுதிப் பார்க்கட்டும். டிராக்டர் கிராபர் குலையைக் கவ்வி ஏற்றுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்குக் கவ்வி என்றால் விளக்கமே வேண்டாம்.

உறிஞ்சித் தூக்கும் வகைதான் இடிக்கிறது. அதற்குத் தாடை ஏது? ‘உறிஞ்சி’ என்று தனியாக வைத்து, இரண்டுக்கும் பொதுவாகப் ‘பிடிப்பான்’ போடலாம் என்று பார்த்தால், பிடித்தலைத்தான் கேட்சுக்குக் கொடுத்தாயிற்றே. உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். அப்புறம், வண்டிக் கிளட்சைத் தயவுசெய்து கிளட்சாகவே விட்டுவிடுங்கள். அதைத் தமிழாக்கி ‘உரசிணைப்பி’ என்று கேட்டால் இங்கே எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைக்காது.