மறுமொழி: ‘டெர்வார்’ – மண்வாசனையா, திணைச்சுவையா?

அன்பின் குழுவினருக்கு,

விளையும் இடம் ஒரு பயிருக்குத் தரும் தனிச்சுவையைப் பிரெஞ்சில் ‘டெர்வார்’ (terroir) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா முன்வைத்த ‘மண்வாசனை’யைத்தான் நானும் முதலில் எழுதினேன். வெள்ளவத்தையில் கோப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு கடைக்கு, பையில் ஒட்டும் லேபல் எழுதிக் கொடுக்கிறேன். ‘மண்வாசனை மிக்க கோப்பி’ என்று போட்டதும் கடைக்காரர் மறித்துவிட்டார். கோப்பி சுவைபார்ப்பவர்களிடம் மண் வாடை என்பது பெரும்பாலும் குறை. சரியாகக் காயாத கொட்டையில் அடிப்பது. புகழ்ந்து எழுதியது பழியாகிவிடும்.

அந்தச் சொல்லுக்குள் பொருளும் முழுதாக அடங்கவில்லை. அன்று கடையில் இரண்டு கொலம்பியாக் கோப்பிகளை அருகருகே வைத்துப் பார்த்தோம். கோப்பைக்கு 12 கிராம் தூள், கொதித்து அடங்கிய தண்ணீர். 4 நிமிடம் கழித்து மேலே படிந்த பொருக்கைக் கரண்டியால் உடைத்து மூக்கை வைத்தோம். வடக்கே சியேரா நெவாடா மலைக் கோப்பியில் வறுத்த கச்சான் மணம், புளிப்பு மிகக் குறைவு. தெற்கே நரீஞோக் கோப்பியில் தோடம்பழப் புளிப்பு. ஆற ஆற இனிப்பு ஏறியது.

நரீஞோ பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருக்கிறது. 2,000 மீற்றருக்கு மேலும் அங்கே கோப்பி காய்க்கிறது. 100 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறையும். அந்தக் குளிரைச் செடி தாங்காது என்றுதான் நினைப்போம். ஆனால் பள்ளத்தாக்கில் பகல் முழுதும் சூடேறிய காற்று இரவில் மேலெழுந்து செடியைக் காக்கிறது. பழம் மெல்லக் கனிகிறது, கொட்டை இறுகுகிறது, புளிப்பும் இனிப்பும் அதில் கூடுகின்றன. பூமத்திய கோட்டிலிருந்து விலகிய பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸிலோ 1,000 மீற்றர் அளவிலேயே நல்ல கோப்பி விளையும். அங்கே உறைபனிக்குத்தான் பயம். உயரம் மட்டும் சுவையைத் தீர்மானிப்பதில்லை; ஆகவே தங்கச்சி சொன்ன ‘உயரச்சுவை’யும் சரிவராது.

நமக்குக் கிட்டிய சாட்சி இலங்கை மலையகத்து ஊவாத் தேயிலை. (1869இல் இலைத்துரு நோய் வந்து மலையகக் கோப்பியை அழித்திராவிட்டால் கோப்பியையே சாட்சிக்கு அழைத்திருப்பேன்.) ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போதுதான் ஊவாவின் பேர்போன மணம் கூடிவரும். செடி அதே, மண் அதே, பொழுது வேறு.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று சங்கப் பாடல்களின் திணைமரபு எப்போதோ வகுத்துவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்பதைவிட டெர்வாருக்கு நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தந்த நிலத்துக்கு உரிய மரமும் மக்கள் தொழிலும் கருப்பொருளில் வருகின்றன. தோட்டத்து நிழல்மரத்துக்கும், பழத்தைத் தோலுரித்துக் காயவைக்கும் கைப்பழக்கத்துக்கும் அங்கே இடமுண்டு. அதனால்தான் ‘திணைச்சுவை’ என்கிறேன்.

“கொழும்பில் திணை என்றால் அரசாங்கத் திணைக்களம்தானே நினைவுக்கு வரும்?” என்று அண்ணா கேட்டிருந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கடைப் பலகையில் ‘திணைச்சுவை’ என்று சோக்கால் எழுதி வைத்தோம். மல்லி போட்டு இடித்த கோப்பித்தூள் வாங்க வரும் அம்மா ஒருவர் அதை வாசித்துவிட்டு, “அப்ப இது குறிஞ்சிக் கோப்பியோ தம்பி?” என்றார். நான் விளக்க வாய் திறக்கவே இல்லை.

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. மணமும் அடங்க ‘திணைப்பண்பு’ என்று வைக்கலாமா? வெள்ளிக்கிழமை லேபல் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.

---

மறுமொழி:

அண்ணா, சுவையே இருக்கட்டும். ‘பண்பு’ என்றால் ஒரு ஆளின் நடத்தையைச் சொல்வதுபோல இருக்கிறது. மணத்தைத் தனியே சொல்லவேண்டிய இடத்தில் ‘திணைமணம்’ என்று எழுதலாம். என் ‘உயரச்சுவை’யைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஊவாத் தேயிலைப் பெட்டிக்கும் இதே சொல்லைக் கேட்டுப் பாருங்கள்.