தில்லிக் குளிர்கால விடுமுறையில் ஆங்கிலம் பேசிப் பழக என்ன செய்யலாம்?

கோவில்பட்டிக்காரி, மயூர் விஹார்:

கணவருக்கு மாற்றலாகி ஜூன் மாதம் தில்லிக்கு வந்தோம். மாலையில் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸோடு அதை நிறுத்திவிட்டார்கள்; இனிப் பொங்கல் கழித்துத்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் ஜனவரியின் முதல் பாதி முழுவதும் விடுமுறை.

காய்கறி வண்டிக்காரர், காவலாளி, பால்காரர் எல்லாரும் இந்திதான். அதை ஒருவாறு சமாளித்துவிடுகிறேன். ஆங்கிலம் தேவைப்படும் இடங்கள் வேறு: மகனின் வகுப்பாசிரியை, குழந்தை மருத்துவர், வங்கி. கேட்பது புரிகிறது, பதில் வாயில் வருவதில்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது எப்போது தொடங்கியது, இரவில் ஏறுகிறதா என்று மருத்துவர் கேட்டார். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஆனாலும் "யெஸ் டாக்டர்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

விடுமுறை முடிந்ததும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. வகுப்பு இல்லாத இந்த நாட்களில் எப்படிப் பழகுவது? ஆங்கிலப் படம் பாருங்கள், நாளிதழ் படியுங்கள் என்று பலர் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

துவாரகாவாசி:

மெட்ரோவில் போங்கள். ஒவ்வொரு அறிவிப்பும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும், உச்சரிப்பு தெளிவாக இருக்கும். "டோர்ஸ் வில் ஓபன் ஆன் த லெஃப்ட்" போன்ற வாக்கியங்கள் நிலையத்துக்கு நிலையம் திரும்பத் திரும்ப வரும். கூடவே முணுமுணுத்துப் பழகலாம். ப்ளூ லைனில் மயூர் விஹாரிலிருந்து ராஜீவ் சௌக் வரை போய்வந்தாலே பலன் தெரியும்.

ஆர்.கே. புரம் ஆசிரியை:

மெட்ரோ யோசனை காதுக்கு நல்லது. இந்தச் சகோதரிக்குக் காது நன்றாகவே வேலை செய்கிறது, வாய்க்குத்தான் பயிற்சி வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் பெண்களுக்கு என் வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோருக்குப் பள்ளியில் படித்த இலக்கணம் மறக்கவில்லை. என்ன சொல்வது என்பதையும் எப்படிச் சொல்வது என்பதையும் ஒரே நொடியில் யோசிப்பதால்தான் திணறுகிறார்கள். இரண்டு குடங்களை ஒரே கையில் தூக்குவது போல. ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் முதலில் ஆங்கிலத்தில் பேசுங்கள்.

அந்த மருத்துவரின் கேள்விகளிலிருந்தே நாளைக் காலை தொடங்குங்கள். நடந்ததைத் தமிழில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் சிறு வாக்கியமாக்குங்கள்: "த ஃபீவர் ஸ்டார்ட்டட் ஆன் மண்டே." "இட் கோஸ் அப் அட் நைட்." "ஹி இஸ் நாட் ஈட்டிங் வெல்." தாளை மூடிவைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி உரக்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொன்னால் போதாது. நாக்கும் உதடும் அந்த ஒலிகளுக்குப் பழக வேண்டும். மாலையில் மகனை மருத்துவராக உட்காரவைத்து, கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும், எதிர்பாராத கேள்விகளைக் கேட்பார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அவனுக்கு விடுமுறை வீட்டுப்பாடம் கொடுத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலம் அன்றாடப் பேச்சுக்குக் கச்சிதமான அளவு. அவன் எழுதி முடித்த பக்கத்தை உங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும், நீங்கள் "ஒய்?", "வாட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பிறகு அதே பக்கத்தை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு நல்ல வாய்ப்பு மதிய வெயில். பனிமூட்டம் விலகியதும் மொட்டை மாடியிலும் பூங்காவிலும் பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டு, கின்னோ என்னும் ஆரஞ்சு வகைப் பழம் தின்றுகொண்டு வெயில் காய்வார்கள். போய் உட்காருங்கள். யாரிடம் பேசுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இந்திக்காரரிடம் தொடங்கினால் பேச்சு உடனே இந்திக்கு நழுவும். மலையாளியானால் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். வங்காளியோ ஒடியாக்காரரோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இருவருக்கும் ஆங்கிலம்தான் பொது. பட்டாணியை அவர் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று கேளுங்கள், நம் வீட்டுச் சமையலை நீங்கள் சொல்லுங்கள். சமையல் பேச்சில் அளவு, நேரம், வரிசை எல்லாம் வந்துவிடும். பொங்கலுக்கு அவரை வீட்டுக்கு அழைத்துப் பண்டிகையை விளக்கவும் இப்போதே தயாராகலாம்.

ஒருநாள் மகனை ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அங்கே சோழர் காலச் செப்புத்திருமேனிகள் இருக்கின்றன. நடராசர் முன் நின்று, கையில் உடுக்கை, மறு கையில் தீ, தூக்கிய திருவடி, காலடியில் முயலகன் என்று அவனுக்கு ஆங்கிலத்தில் காட்டிச் சொல்லுங்கள். அதன்பின் விளக்கப் பலகையைப் படியுங்கள். உங்களுக்கு வராத சொல் எது என்று அப்போது தெரியும், அது மறக்காது.

கரோல் பாக் சமையல்காரர்:

நான் உணவகத்தில் வேலை செய்கிறேன். அறையில் ஒத்திகை பார்க்க வீட்டு மனிதர்கள் இல்லை. எனக்கு உதவியது தொலைபேசிதான். கைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பேன். ரீசார்ஜ் பற்றிய உண்மையான சந்தேகத்தைத்தான் கேட்பேன்; அவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. எதிரில் முகம் இல்லாததால் கூச்சம் குறைகிறது. ஆனால் கையசைத்துக் காட்டித் தப்பிக்க முடியாது, முழு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: ஓடிபி, அட்டை எண் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கோவில்பட்டிக்காரி, மயூர் விஹார்:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா, எங்கள் கீழ்வீட்டில் ஒரு வங்காள அக்கா இருக்கிறார். நாளை மதியம் மாடிக்கு அழைக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை வேகமாகப் பேசினால் என்ன செய்வது? மகனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. "ஒய் இஸ் ஹி வீக் இன் மேத்ஸ்?" என்று கேட்கலாமா?

ஆர்.கே. புரம் ஆசிரியை:

கேட்கலாம், ஆனால் அதற்கு நீண்ட பதில் வரும், அதில் பாதி உங்களுக்குப் பிடிபடாது. அவன் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோய் விரித்துவைத்து, "விச் சம்ஸ் டஸ் ஹி கெட் ராங்?" என்று கேளுங்கள். அவர் குறிப்பிட்ட கணக்கைத் தொட்டுக் காட்டிப் பேசுவார், பார்த்துக்கொண்டே கேட்டால் வேகம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அடுத்து "வாட் ஷுட் ஹி ப்ராக்டிஸ் அட் ஹோம்?" பதிலை அந்த நோட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் மகனை ஆசிரியையாக வைத்து இப்போதே பழகுங்கள். வேறு கேள்விகள் இருந்தால் இங்கே எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.